மூடிக்கு வெளியே ஓர் இழை

இன்று காலை மருத்துவமனை ஆய்வகத்தில் புதிய மருந்துப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். சர்க்கரை பார்க்கும் பட்டைகள். அவற்றோடு ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட சின்னப் பாக்கெட்டும் இருந்தது. என் கை என்னைக் கேட்காமலே அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டது. பையில் ஏற்கெனவே சில கிடக்கின்றன. இழுப்பறையிலும் கிடக்கின்றன. "மேடம், அது இன்னாத்துக்கு உங்களுக்கு?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். "டப்பால போட" என்றேன். சொன்ன பிறகுதான் டப்பாவும் இல்லை, நீயும் இல்லை என்பது உறைத்தது. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் ஒன்றுமே இல்லாத கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். செத்துப்போனவள்மேல் என்னடி கோபம் என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். மூடியைத் துடை, விளிம்பைத் துடை, இழை எதுவும் மாட்டாமல் மூடு என்று உன்னிடம் எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! கடைசியில் கூடாது என்றதையேதான் செய்துவிட்டுப் போனாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் நடுவிலிருந்து நினைத்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, விஷயம் நின்றுபோகிறது.

எல்லாம் அந்த வெள்ளைக்காரத் தம்பதியால் வந்தது. கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற சாலையில், ஒரு புளியமரத்து வேரடியில் இரண்டு பேரும் குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போன நீ தூக்குச்சட்டியோடு நின்று, "இன்னா தொலைச்சீங்க?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறாய். அவர்கள் சிரித்துக்கொண்டே விரல் நீளக் குழாய் ஒன்றைத் திறந்து காட்டினார்கள். உள்ளே சுருட்டிய காகிதம். காகிதம் முழுக்க யார் யாருடைய பெயரோ. ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசி காட்டும் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி எடுத்து, பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று பெயர். அந்தப் பெயர் கடைசிவரை உன் வாயில் நுழையவில்லை. உனக்கு அது டப்பா வேட்டை.

அன்று மத்தியானமே மருத்துவமனைக்கு ஓடிவந்தாய். "ஒலகம் பூரா ஒளிச்சு வெச்சிருக்காங்கடி! நம்ம ஊருக்குன்னு நாம ஒண்ணு கூட வெக்கல. அசிங்கமா இல்ல?" ஊர் மானமே போய்விட்டது போல மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ இப்படித்தான். எதிலாவது தலையைக் கொடுப்பாய், கூடவே என் தலையையும் இழுத்துக்கொள்வாய்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் நம்முடையதாகிவிட்டன. நான் சர்ச் முடிந்து ஸ்கூட்டரோடு பிள்ளையார்பாளையம் வருவேன். நீ சமையலை முடித்துவிட்டு வாசலில் தயாராக நிற்பாய். நாற்பதை நெருங்கும் இரண்டு பொம்பளைகள் ஏரிக்கரையில் கைபேசியை நீட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்து மாடு மேய்க்கிறவர்கள், "டவர் கெடைக்கலியாம்மா?" என்று இரக்கப்பட்டுக் கேட்பார்கள். "ஆமாம்பா, எங்க போயி ஒளிஞ்சிக்கிச்சுன்னே தெரியல" என்று நீ முகம் மாறாமல் சொல்வாய்.

உன் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாளும் வரவில்லை. "குப்ப பொறுக்கக் கெளம்பிட்டாளுங்க" என்பார். அந்தக் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்கும், ஆளைப் பார்ப்பது அபூர்வம். உன் வீட்டில் எனக்கு முன்னறைவரைதான். தறி இருக்கிற உள்ளறைக்கு எங்கள் தெருக்காரர்கள் யாரும் போனதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் யாரும் சொல்லவில்லை. நீ ஒரு தடவை அதைப் பற்றி வாயைத் திறந்தாய், நான் உன் கையைக் கிள்ளி நிறுத்தினேன். எனக்கு அந்த வீட்டில் நீ போதும். சுவருக்கு அந்தப் பக்கம் தறி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உன் காப்பியைக் குடிப்பேன். எதிரே வந்தால் அவர் "வாங்க சிஸ்டர்" என்பார். மருத்துவமனைக்காகவா, சர்ச்சுக்காகவா என்று நான் கேட்டதில்லை.

தேடுவது சுலபம். நாமே வைக்கத் தொடங்கியபோதுதான் தண்ணீர் எப்பேர்ப்பட்ட கள்ளன் என்று தெரிந்தது. முதல் டப்பா பிஸ்கட் டின். முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாய்ப் பாலத்தடியில் வைத்தோம். ஒரே மழையில் துருவேறி, உள்ளே காகிதம் களியாகிவிட்டது. அடுத்து, நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற சாப்பாட்டு டப்பா. மூடியில் ரப்பர் வளையம் இருந்ததால் மழையை நன்றாகவே தடுத்தது. ஆனால் சித்திரை வெயிலில் கொக்கிகள் அப்பளமாக நொறுங்கின. என் பங்குக்கு ஆய்வகத்திலிருந்து சிறுநீர் பிடிக்கிற புது டப்பா ஒன்றைக் கொண்டுவந்தேன். திருகு மூடி, தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒழுகாது. அதை மாகறல் போகிற சாலையில் மைல்கல்லுக்குப் பின்னால் வைத்தோம். தேடி வந்த சென்னைக்காரர் ஒருவர், "இடம் அருமை, டப்பாவைத் தொடத்தான் மனம் வரவில்லை" என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போனார். "ஒன் புத்தி வேற எங்கடி போவும்!" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அப்புறம் என் தம்பி, தான் வேலை செய்கிற தண்ணீர் பாட்டில் கம்பெனியிலிருந்து, பாட்டிலாக ஊதுவதற்கு முந்தைய கெட்டிக் குழாய்களைக் கொண்டுவந்து கொடுத்தான். தடித்த சுவர், வாயில் பாட்டில் மூடியே பொருந்தும். அவைதான் கடைசிவரை நம்மைக் கைவிடாதவை. வெயிலும் மழையும் அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

பேருந்து நிலையத்துப் பக்கம் வைத்த ஒரு டப்பாவுக்கு நீ கறுப்பு டேப் சுற்றினாய், வெயில் படக் கூடாதென்று. திருவிழா சமயம். யாரோ பார்த்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். நாம் போய்ச் சேரும்போது அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். "இன்னாமா இது?" என்று கேட்ட போலீஸ்காரரிடம் நீ, "வெளையாட்டு சார்" என்றாய். "இந்த வயசுல இன்னாமா வெளையாட்டு? கோயில் ஊர்ல கறுப்பு டேப்பு சுத்தி பெட்டி வெக்கறது வெளையாட்டா?" அவரே திறந்து, காகிதச் சுருளையும் ஒரு பென்சிலையும் வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். அதோடு கோயில் பக்கம், கூட்டம் கூடுகிற பக்கம் வைப்பதை நிறுத்தினோம். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பா மட்டும்தான் என்றும் முடிவாயிற்று.

எந்த டப்பாவையும் சோதிக்காமல் வைக்கமாட்டோம். உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் முக்கி, மேலே அம்மிக்குழவியை வைத்துவிடுவோம். மறுநாள் காகிதம் மொடமொடவென்று இருந்தால் அது தேறியது. மழை பெய்யும்போது திறக்கக் கூடாது, திறந்தால் ஈரக் காற்றையும் சேர்த்து மூடிவிடுவோம். ஒரு மணல் துகள் விளிம்பில் உட்கார்ந்தாலும் போதும், தண்ணீர் நுழைந்துவிடும். வளையம் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். ஈரம் குடித்த மணிகளைத் தோசைக்கல்லில் வறுத்து மறுபடி போட வேண்டும். இதையெல்லாம் நாம் யாரிடமும் படிக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு டப்பாவைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஆனால் ஒன்றை மட்டும் நீ திருத்திக்கொள்ளவே இல்லை. காகிதச் சுருளைக் கழிவுப் பட்டு இழையால் கட்டுவாய். கட்டி, நுனியை நீளமாக விட்டு, அது வெளியே தொங்க அப்படியே மூடியைத் திருகிவிடுவாய். "இழை மேல தண்ணி ஏறி உள்ள போவும்டி, விளக்குத்திரி எண்ணெயக் குடிக்கல? அந்த மாதிரி" என்று தலையில் அடித்துக்கொள்வேன். "நுனி கைல கெடைக்கணும்ல? நுனி கெடைக்கலன்னா மொத்த நூலும் சிக்குதான்" என்பாய். அது உங்கள் வீட்டுப் பழக்கம். நூல் என்றால் நுனி வெளியே இருக்க வேண்டும். உன் மூளை நான் சொன்னதை ஒத்துக்கொள்ளும், உன் கை ஒத்துக்கொள்ளாது. நீ மூடியதை எல்லாம் நான் பின்னாலேயே போய்த் திறந்து, இழையை உள்ளே தள்ளி மூடிவைப்பேன்.

உன் கல்யாணப் புடவையைக் காற்றுப் புகாத நல்ல டப்பாவில் போட்டுத் தருகிறேன் என்று நான் சொன்னபோது மட்டும் நீ என்னை முறைத்தாய். "பட்டுக்கு மூச்சு வேணும்டி. அமுக்கி மூடுனா செத்துப் பூடும்." என் டப்பாப் பெருமை அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது.

தென்னேரிக் கரையில்தான் முதலில் கவனித்தேன். பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டாய். கொலுசு காலுக்குள் புதைந்திருந்தது. நீ அதை நகர்த்தியபோது, அது இருந்த இடத்தில் பள்ளமாகத் தடம் நின்றது, மேலே எழும்பவே இல்லை. "தறியாண்ட ஒக்காந்தே இருக்கறதால" என்றாய். மறுநாளே உன்னை மருத்துவமனைக்கு வரவைத்தேன். நான் நீட்டிய டப்பாவைப் பார்த்துவிட்டு, "இதத்தானடி மாகறல்ல வெச்சோம்!" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய். அதே சிரிப்போடு அதை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாய். நான் லேசாக ஆட்டினேன். நுரை எழும்பியது. அடங்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அடங்கவில்லை.

ரத்தத்தையும் நான்தான் எடுத்தேன், நானேதான் பார்த்தேன். கருவியில் ஏதோ கோளாறு என்று மறுபடியும் ஓட்டினேன். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. உன் இரண்டு சிறுநீரகமும் முடிந்துபோயிருந்தன. டாக்டர் உன்னிடம் சொல்லும்போது நீ டாக்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாய். அதிலேயே உனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் படுக்கை. மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச்சு எழுந்தது, பேச்சாகவே நின்றது. எல்லாவற்றையும் விடக் கொடுமை தண்ணீர்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளந்து வைத்திருந்தார்கள். நீ வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே இருப்பாய். ஒரு நாள், "எம் முன்னாடி நீ குடிடி. நான் பாக்கறேன்" என்றாய். மாட்டேன் என்றேன். கெஞ்சினாய். சொம்பைத் தூக்கிக் குடித்தேன். என் தொண்டை ஏறி இறங்குவதையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். இன்றுவரை யார் முன்னாலும் என்னால் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடிவதில்லை.

"நாம வெச்ச டப்பா மாதிரிதான்டி நானு" என்று நீ சொன்னதும் அந்த நாட்களில்தான். "ஓட்ட டப்பான்னா புகுந்த தண்ணி தானா வெளிய பூடும். நல்லா மூடுன டப்பால புகுந்தா அவ்ளோதான். உள்ளயே கெடந்து எல்லாத்தையும் ஊற வெச்சிடும்." வீங்கிய விரல்களை விரித்துக் காட்டினாய். நம் அனுபவத்தில் அது முழு உண்மை.

அப்போது உன் தறியில் பாதிப் புடவை நின்றிருந்தது. மாம்பழ மஞ்சளில் உடல், அரக்கில் கரை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்கு நெய்தவள் நீ. முதல் தடவையாக உனக்கென்று போட்ட புடவை, பங்குனி உத்திரத்துக்குக் கட்டிக்கொள்ள. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக இருந்தால் ஒருவரால் நெய்ய முடியாது என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். உன் வீட்டுக்காரர் தறியில் உட்கார, வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, நூல் ஓட்டுகிற அந்த மரக்கட்டையை, திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் எப்போதும் நீதான். உன்னால் உட்கார முடியாமல் போனதும் தறி நின்றுவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீடு. தறிச்சத்தமும் நின்ற பிறகு அந்த வீட்டுக்குள் வரவே எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசி பிறக்கிற சமயம், "நல்ல ஜாடி ஒண்ணு குடு. வாய் அகலமா, வளையம் போட்டது" என்று கேட்டாய். இருப்பதிலேயே நல்ல கண்ணாடி ஜாடியாகப் பார்த்துக் கொடுத்தேன். முக்கிச் சோதித்துத்தான் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு என்னைத் தென்னேரிக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொன்னாய். என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தபோது, பின்னால் ஆள் இருப்பது போலவே எனக்குத் தெரியவில்லை. மதகுப் பக்கம் என்னை நிறுத்திவிட்டு, மடியில் எதையோ மறைத்துக்கொண்டு நீ மட்டும் கரையோரமாக நடந்தாய். ரொம்ப நேரம் ஆயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது நம் விதி, ஒருத்தி ஒளிக்கும்போது மற்றவள் பார்க்கக் கூடாது.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னாய். "கரைக்கு வெச்சிருந்த அரக்குப் பட்டு அத்தனையும் தார் சுத்தி அதுல வெச்சிட்டேன். அது இல்லாம அந்தப் பொடவ ஒரு வெரக்கடை கூட நகராது." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாடாவுக்குள் போடுகிற நூல்குச்சிகளைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் ஒளிப்பாளா ஒருத்தி?

"பைத்தியமாடி ஒனக்கு?"

"கேளு. நான் பூட்டேன்னா அந்த ஆளு தறியாண்டயே போவ மாட்டாரு. மூலைல ஒக்காந்துக்கினு சொவத்தையே பாத்துக்கினு இருப்பாரு. நூல் எங்கன்னு தேடி வெளிய வரட்டும். எங்கூட ஒரு டப்பாகூட தேடி வந்ததில்ல, இத்தயாச்சும் தேடட்டும். நெசவுக்காரன் கைல நூல குடுத்துட்டா அவனால சும்மா இருக்க முடியாதுடி. முடிச்சிடுவாரு."

"வேற சாயம் போட்டுக்கினா?"

"அதே சாயக்காரராண்ட போனாலும் அதே அரக்கு திரும்ப வராது. அது அவருக்கும் தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாய். "மழையெல்லாம் முடியட்டும். அவரே கேட்டு வருவாரு. நீ முன்னாடி பூந்து எடுத்துடாத. தொறந்து பாக்கறேன், துடைக்கறேன்னு போனன்னா எம்மேல சத்தியம்."

கார்த்திகை அடைமழையில் நீ போய்விட்டாய். உன்னைக் கொண்டுபோன அன்றும் மழை விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் எனக்கு ஒரே நினைப்புதான், ஏரி எவ்வளவு ஏறியிருக்கும்? தென்னேரி பக்கத்திலிருந்து வருகிற நோயாளிகளிடமெல்லாம் கேட்பேன். "ரொம்பிடுச்சும்மா, கடல் மாதிரி நிக்குது" என்று அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். வளையம் நல்லது, ஜாடி நல்லது, சோதித்துத்தானே கொடுத்தோம் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். மூடியது நீ என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்ப்பேன்.

அவர் நீ சொன்னபடியேதான் இருந்தார். மூலையும் சுவரும். நான் போனால் "வாங்க சிஸ்டர்" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பொங்கல் போயிற்று, பனியும் விட்டது. மாசியில் ஒரு நாள், வேலை முடிந்து வெளியே வந்தால் மருத்துவமனை வாசலில் நிற்கிறார். சவரம் செய்யாத முகம்.

"சிஸ்டர், அரக்குத் தார் எங்க வெச்சான்னு உங்களுக்கு எதுனா தெரியுமா? வீடு பூரா தேடிட்டேன். தறில பூச்சி ஏறுது. பாக்க முடியல."

"தெரியும்ணா. ஆனா நீங்கதான் தேடி எடுக்கணும். அப்டிதான் சொல்லிட்டுப் போனா."

"டப்பாவா?" என்றார். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, இடத்தைக் குறித்து நீ என்னிடம் விட்டுப்போன உன் கைபேசியை அவர் கையில் கொடுத்து, அம்புக்குறியைக் காட்டிவிட்டு நான் மதகிலேயே நின்றுகொண்டேன். உன்னைப் போலவே அவருக்கும் முதலில் திசை பிடிபடவில்லை. எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வந்தார். கல்லைப் புரட்டினார், புதரை விலக்கினார், கீழே விழப் பார்த்தார். "இன்னாத்துக்குமே இந்த ரோதனை!" என்று உன்னைத் திட்டினார். நீ போன பிறகு அந்த மனுஷன் சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஒரு நிமிஷம், நீ நினைத்தது நடந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு பனைமரத்தடிக் கற்குவியலின்முன் அவர் மண்டியிட்டதைப் பார்த்து ஓடினேன். மரத்தில் என் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சேற்றுக்கோடு இருந்தது. ஏரி அதுவரை ஏறி நின்றிருக்கிறது. கற்கள் முழுக்க அதற்குக் கீழே. அவர் ஜாடியை வெளியே எடுத்தார். உள்ளே முழுக்கச் சிவப்பு. முதலில் அது பட்டு என்றே நினைத்தேன். அவர் சாய்த்தபோது அது அசைந்தது.

மூடியைத் திருகினார். சிவப்புத் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. ஊறல் நாற்றம் குப்பென்று வந்தது. ஜாடியில் ஒரு கீறல் இல்லை, வளையத்தில் ஒரு வெடிப்பு இல்லை. விளிம்பில், வளையத்துக்கு மேலாக, ஒற்றைப் பட்டு இழை. வெளியே விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொன்னேனே பாவி! எத்தனை வாட்டி சொன்னேன்!" என்று நான் கத்திவிட்டேன். அந்தக் கரையில், அவர் முன்னால், செத்துப்போன உன்னை வாயில் வந்தபடி ஏசினேன். தண்ணீர் எப்படி உள்ளே போயிருக்கும் என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும்போல் இருந்தது. இந்த இழை வழியாண்ணா, இந்த ஒரு இழை வழியா ஏறி, அப்புறம் வெளியே போக வழியில்லாம உள்ளயே நின்னுடுச்சு, என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.

அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. அந்த இழையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். உள்ளே முதல் தார் சுழன்று, நூல் தங்குதடையில்லாமல் நீளமாக வந்தது.

"நுனிய எனக்கோசரம் உட்டு வெச்சிருக்கா" என்றார். "தார் மாத்தும்போது நுனி கெடைக்கலன்னா எனக்குக் கோவம் வந்துடும். நாடாவையே தூக்கி எறிஞ்சிருக்கேன். அன்னில இருந்து நுனிய வெளிய இழுத்து உடாம எங்கைல தார் குடுத்ததே இல்ல."

இரண்டு பேரும் அந்த ஜாடியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தார்களை நிழலில் காயவைத்தார். சாயம் போய்விட்டது. எடுத்து எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு நான் போனபோது உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதையே போட்டு முடிச்சிடலாம்னு கீறேன். அந்தப் பக்கம் நாடா போட ஆள் இல்ல. நீங்க ஒக்காரீங்களா சிஸ்டர்?"

செருப்பை வாசலில் விட்டு, முன்னறையைத் தாண்டி, இத்தனை வருஷம் சத்தமாக மட்டும் தெரிந்த அந்த அறைக்குள் போனேன். நீ உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்தேன். என்னை அந்த அறைக்குள் கூப்பிட நீ செத்துப்போக வேண்டியிருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

என் கை உன் கை இல்லை. நாடாவைத் தாமதமாகப் போடுவேன், இழை தளரும், அவர் பிரித்துவிட்டுப் பேசாமல் மறுபடி ஆரம்பிப்பார். ஒரு தடவைகூட எறியவில்லை. தார் மாற்றும்போதெல்லாம் நுனியை வெளியே இழுத்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். பங்குனி உத்திரம் போய்விட்டது. சித்திரை வெயிலில்தான் புடவை முடிந்தது.

விரித்தால் குருடருக்கும் தெரியும். நீ உட்கார்ந்த இடம்வரை கரை அடர்ந்த அரக்கு. அதற்குப் பிறகு ஒரே வரிசையில் நிறம் செத்து, திட்டுத்திட்டாக, சோகை பிடித்தவர்களின் ரத்தத்தைப் போல வெளுத்துக் கிடக்கிறது. அந்த நிறத்தை நான் தினமும் குழாயில் பார்க்கிறேன். நீ நிறுத்திய இடமும் நாங்கள் தொடங்கிய இடமும் அவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன. அவர் அதை மடித்து என்னிடம் நீட்டினார். "எங்கண்ணு முன்னாடி இருக்க வேணாம். நீங்க வெச்சிக்குங்க." அதற்குப் பிறகு அவர் தறியில் அடுத்த புடவைக்குப் பாவு ஏற்றவில்லை. நூல் கையில் இருந்தால் நெசவுக்காரன் சும்மா இருக்கமாட்டான் என்றாய். நூல் தீர்ந்தால் என்ன செய்வான் என்று நீ யோசிக்கவில்லை. மறுபடி அந்த மூலைக்கே போய்விட்டார்.

நம் டப்பாக்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவந்துவிட்டேன். பார்த்துக்கொள்ள ஆளில்லாத டப்பாவை வெளியே விட்டுவைப்பது குப்பை போடுவதற்குச் சமம் என்று நீதான் சொல்வாய். மாகறல் மைல்கல்லுக்குப் பின்னால் இருந்ததில் காகிதம் இன்னும் மொடமொடவென்று இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

புடவை என் பீரோவில் இருக்கிறது. முதலில் காற்றுப் புகாத பெரிய டப்பாவில், பாக்கெட்டுகளைப் போட்டு, கொக்கிகளை அழுத்தி மூடினேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியது எனக்குத்தான். உடனே வெளியே எடுத்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தேன். அதனால்தான் பாக்கெட்டுகள் என் பையில் வேலையில்லாமல் கிடக்கின்றன. ஆனாலும் நாளைக்கும் எடுத்துவருவேன்.

கடைசித் தாரில் கொஞ்சம் நூல் மீந்திருந்தது. அதையும் புடவையோடு சேர்த்துச் சுற்றியிருக்கிறேன். பீரோவைப் பூட்டும்போது அதன் நுனி கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு வெளியே தொங்குகிறது. நான் அதை உள்ளே தள்ளுவதில்லை.